பச்சைக் காப்பிக் கொட்டையைத் தோட்டத்திலிருந்து மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

சேத்துப்பட்டு வாசி எழுதியது:

வணக்கம். வீட்டில் வறுக்கிறவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். சென்னையில் அடுக்குமாடி வீடு, நான்கு பேர், காலையும் மாலையும் ஃபில்டர் காப்பி. கடையில் கிலோ கிலோவாகப் பச்சைக் கொட்டை வாங்கி, கையால் சுற்றுகிற சிறிய உருளையில் அடுப்பின் மேல் வறுத்துக்கொள்கிறேன். ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி சேர்ப்போம். மாதம் ஒன்றரைக் கிலோ தூள் ஆகும்.

தாண்டிக்குடிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் நண்பர் மூலம் அறிமுகமாகியிருக்கிறார். இந்த வருட அராபிகா, அலசிக் காயவைத்தது. "பார்ச்மென்ட்டாக, அதாவது ஓட்டோடு, ஒரு மூட்டை, ஐம்பது கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஓடு நீக்கி இருபது கிலோ தருகிறேன்" என்கிறார். கடை விலையைவிடக் குறைவு. ஆசையாக இருக்கிறது.

வாங்கும் முன் அவரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும்? சென்னையின் புழுக்கத்தில் அடுத்த அறுவடை வரை கெடாமல் எப்படி வைப்பது? கோணிச் சாக்கிலேயே விட்டுவிடலாமா?

கோவை அரவை எழுதியது:

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ தூளில் சிக்கரி போனால் காப்பி 1.2 கிலோ. வறுக்கும்போது எடை 15 சதவீதம் போல இறங்கும். ஆக, மாதம் 1.4 கிலோ பச்சைக் கொட்டை உங்கள் தேவை. இருபது கிலோ பதினான்கு மாதம் வரும். மூட்டை பார்ச்மென்ட் எடுத்தால், ஓடு போக 40 கிலோ தேறும். இரண்டு வருடத்துக்கு மேல் ஓடும்.

அலசிய அராபிகா நல்ல இடத்தில் இருந்தால் எட்டு, பத்து மாதம் ருசி குறையாமல் நிற்கும். அதற்கு மேல் கெட்டுப்போகாது, ஆனால் வாசனை மெல்ல இறங்கும். விலை குறைவு என்பதற்காக இரண்டு வருடச் சரக்கை வீட்டில் ஏற்ற வேண்டாம் சார். பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போகாதீர்கள்.

பன்றிமலைத் தோட்டம் எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள்தான், சிறு விவசாயி. விற்கிறவர் பக்கமிருந்து சொல்கிறேன்.

"இந்த வருட அறுவடை" என்பது பாதி பதில்தான். எந்த மாதம் பறித்தது, எந்த மாதம் காய்ந்தது என்று கேளுங்கள். எங்கள் கீழ்ப்பழனி மலையில் பழம் பழுக்கிற நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும். கர்நாடகத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பறித்ததைக் களத்தில் பரப்பினால் மதியம் மழை வரும், தார்ப்பாய் போட்டு மூடுவோம், மறுநாள் வெயிலே இருக்காது. அப்படி இழுத்து இழுத்துக் காய்ந்த கொட்டைக்கு நிறம் மங்கும், சில சமயம் புளித்த வாடையும் வந்துவிடும். மார்கழிக் கடைசியிலும் தையிலும் பறித்தது நல்ல வெயிலில் ஒரே சீராகக் காயும். வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குகிறவர் தை மாதத்துச் சரக்கைக் கேட்டு வாங்க வேண்டும். இது எங்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வெளியில் யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, எந்தச் சுற்றுப் பறிப்பு என்று கேளுங்கள். ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவக்காது. மூன்று நான்கு சுற்று போவோம். நடுச் சுற்றுகளில் பழுத்த பழமாகக் கிடைக்கும். கடைசிச் சுற்றில் செடியில் இருக்கிறதை எல்லாம் உருவி எடுப்போம், கீழே உதிர்ந்ததையும் பொறுக்குவோம். அதில் பிஞ்சும் வண்டு அடித்ததும் கலந்து வரும். நேர்மையான விவசாயி அதைத் தனியாக வைத்திருப்பார், தனி விலை சொல்வார்.

பார்ச்மென்ட் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், புதியவர்களும் படிப்பார்கள். பழத்தைப் பல்ப்பரில் விட்டுத் தோலை எடுத்து, தொட்டியில் ஊறவிட்டு, வழவழப்புப் போக அலசிக் காயவைத்தால் கொட்டையைச் சுற்றி ஒரு வெளிறிய மெல்லிய ஓடு நிற்கும். அதுதான் பார்ச்மென்ட். பழத்தோடு அப்படியே காயவைத்தால் செர்ரி. தோட்டத்தில் பிளான்டேஷன் ஏ, பி என்றெல்லாம் தரம் பிரிப்பு கிடையாது. சின்னது, பெரியது, உருண்டையான பீபெரி, உடைந்தது எல்லாம் சேர்ந்துதான் வரும். அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்க வேண்டும்.

கும்பகோணம் பில்டர் எழுதியது:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பீபெரி தவிர வேறு எதுவும் நுழைந்ததில்லை. கடைக்காரர் கண்ணெதிரே எடை போட்டுக் கொடுப்பார். தோட்டத்துக் கலப்புச் சரக்கில் அந்த மணம் வருமா தம்பி? தயவுசெய்து யோசித்துச் செய்யுங்கள்.

சேத்துப்பட்டு வாசி எழுதியது:

அம்மா, எங்கள் அம்மாவும் அதையேதான் சொல்கிறார். பீபெரிக்குத் தனி ருசி உண்டா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய கியூரிங் ஆள் எழுதியது:

மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் கியூரிங் வேலையிலேயே, அதாவது ஓடு நீக்கித் தரம் பிரிக்கிற வேலையிலேயே, காலம் போனவன் நான். இரண்டு கேள்விக்கும் என்னால் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பீபெரி முதலில். ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டை தட்டையாக ஒன்றையொன்று ஒட்டி வளர வேண்டும். ஒன்று வளராமல் போனால் மற்றது இடத்தை எடுத்துக்கொண்டு உருண்டையாக வளரும். அவ்வளவுதான் பீபெரி. அதே செடி, அதே மண், அதே ருசிதான். உருண்டையாக இருப்பதால் உருளையில் ஒரே சீராக உருண்டு நன்றாக வறுபடும், அது ஒரு உண்மையான நன்மை. பிரித்தெடுத்த சரக்கில் உடைசலும் குறைவு. கும்பகோணத்து அம்மா வீட்டில் மணமாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கடைக்காரர் நல்ல கொட்டையாகப் பார்த்து எடுக்கிறார் என்பது. அந்தக் கடையை விட வேண்டாம். ஆனால் பீபெரி என்ற பெயருக்காக மட்டும் அதிக விலை கொடுக்கிறவர்கள், கொட்டையின் நடுக்கோட்டை ஒருமுறை பார்க்க வேண்டும். அராபிகாவில் அந்தக் கோடு வளைந்து நெளிந்து ஓடும். ரோபஸ்டாவில் நேராக இருக்கும், கொட்டையும் குட்டையாக, கொஞ்சம் பழுப்பாக இருக்கும். ரோபஸ்டா பீபெரியை அராபிகா விலைக்கு விற்பது சந்தையில் நடக்கிறது.

பிளான்டேஷன் ஏ என்பதும் அளவுதான். 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஏ, 6 மில்லிமீட்டரில் நிற்பது பி. ஒரே தோட்டத்து பி, இன்னொரு தோட்டத்து ஏ-வைவிட நன்றாக இருப்பதை எத்தனையோ தடவை கோப்பையில் ருசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் வறுக்கிறவருக்கு அளவு ஒரே சீராக இருந்தால் போதும், பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது ஈரப்பதம். சேத்துப்பட்டு நண்பர் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

களத்தில் காய்ந்து கியூரிங்குக்கு வரும் பார்ச்மென்ட்டில் ஈரம் 10 சதவீதம் இருக்க வேண்டும், ரோபஸ்டா செர்ரியில் 11. சர்வதேசக் காப்பி அமைப்பு ஏற்றுமதிக்கு 8 முதல் 12.5 வரை என்று வரம்பு வைத்திருக்கிறது. 12.5-க்கு மேல் போனால் பூஞ்சணம் வரும். அதில் சில வகை, ஆக்ராடாக்சின் என்ற நஞ்சை விடும். வறுத்தால் அது கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. ஆகவே பூஞ்சண வாடை வந்த கொட்டையை "வறுத்தால் சரியாகிவிடும்" என்று யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். தூக்கிப் போடுங்கள். 8-க்குக் கீழே இறங்கினாலும் நல்லதில்லை. கொட்டை வெளிறும், நொறுங்கும், வறுக்கும்போது சட்டென்று கருகும், கோப்பையில் கட்டை வாடை அடிக்கும்.

வீட்டில் ஈரமானி இல்லாமல் இதைப் பார்க்க எளிய வழி உண்டு. காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். முதலில் அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்து, சேறு பதம் வருகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் கருவியையும் ஒரு காற்றுப்புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். கூடக் குறையக் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பாகம் கொட்டையைப் போட்டு, மேலே கருவியை வைத்து, இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்ளே 50-க்கும் 60-க்கும் இடையில் நின்றால் கொட்டை அருமையாகக் காய்ந்திருக்கிறது. 65-ஐத் தாண்டினால் அதைக் காற்றுப்புகாமல் மூடக் கூடாது. காற்று வறண்டிருக்கிற நாளில் ஃபேன் போட்டு நிழலில் பரப்பிக் காயவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். 70 காட்டினால் வாங்கவே வேண்டாம்.

கோணிச் சாக்கு மலையில் சரி, சென்னையில் சரியில்லை. சாக்குக்குள் காற்று தாராளமாகப் போய்வரும். வெளிக்காற்றில் என்ன ஈரமோ அதைக் கொட்டை மெல்ல எடுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஊரில் வருடம் முழுக்க 70 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஈரம் நிற்கிறது, ஐப்பசி மழையில் இன்னும் ஏறும். அது போக, காப்பிக் கொட்டை பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பா, ஊதுபத்தி, சோப்பு, பாச்சை உருண்டை எதுவும் அதே அலமாரியில் இருக்கக் கூடாது. சாக்குக்கே ஒரு வாடை உண்டு, ஆறு மாதத்தில் கோப்பையில் தெரியும்.

காற்றும் ஈரமும் புகாத பல அடுக்குப் பிளாஸ்டிக் பைகள் தானியத்துக்கும் காப்பிக்கும் கிடைக்கின்றன. அல்லது உணவுக்கு உகந்த தடிமனான பாலிதீன் பையில் காற்றை அழுத்தி எடுத்து, வாயை முறுக்கிக் கட்டி, எவர்சில்வர் டப்பாவுக்குள் வையுங்கள். இரண்டு கிலோ இரண்டு கிலோவாகப் பிரியுங்கள். ஒரு பையைத் திறந்தால் மற்றவை திறக்கப்படாமல் இருக்கும். வைக்கிற இடம் முக்கியம். லாஃப்ட் வேண்டாம், அதிலும் மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கிற வீட்டில் சித்திரை வெயிலில் லாஃப்ட் அடுப்பாகிவிடும். மேற்கு வெயில் படுகிற சுவரும் வேண்டாம். பகலில் சூடு, இரவில் குளிர்ச்சி என்று மாறினால் பைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இருட்டான அலமாரியின் கீழ்த்தட்டு போதும்.

மதுரை வெயில் எழுதியது:

அய்யா, நல்ல விளக்கம். ஆனால் ஒரு விஷயத்தில் என் அனுபவம் வேறு. எங்கள் தாத்தா காலத்தில் புதுக் கொட்டையை வறுக்கவே மாட்டார்கள். ஒரு வருடமாவது பழசாக வேண்டும், அப்போதுதான் புளிப்பு அடங்கிக் கெட்டியான டிகாக்‌ஷன் இறங்கும் என்பார்கள். புது அரிசியையும் பழைய அரிசியையும் போலத்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான் குடிக்கிறோம், எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழசு என்றாலே குறை என்பது போல இருக்கிறதே?

பழைய கியூரிங் ஆள் எழுதியது:

குறை என்று சொல்ல மாட்டேன் தம்பி. உங்கள் தாத்தா சொன்னதில் காரணம் இருக்கிறது. வைக்க வைக்கப் புளிப்பு குறையும், அது உண்மை. பாலும் சிக்கரியும் சேர்த்து, கருக வறுத்துக் குடிக்கிற வீட்டில் அந்த மிதமான, அமைதியான ருசி பிடிக்கும். மதுரையின் வறண்ட காற்றில் பூஞ்சணம் வராமல் நின்றிருக்கும். அதே கொட்டையைச் சென்னையில் சாக்கில் ஒரு வருடம் வைத்தால் அந்த ருசி வராது, சாக்கு வாடைதான் வரும். பழசாக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது.

அந்த முறையைத் தொழிலாகவே செய்கிறார்கள், மலபார் மான்சூன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் நம் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பா போய்ச் சேர மாதக் கணக்கில் ஆகும். கடற்காற்றில் கொட்டை ஊதிப் பெருத்து, வெளிறிப் பொன்னிறமாகி, புளிப்பே இல்லாமல் போய் இறங்கும். அங்கே அந்த ருசிக்குப் பழகிவிட்டார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் சுருங்கியதும் கொட்டை பச்சையாகவே போய்ச் சேர்ந்தது, வாங்குகிறவர்கள் பழைய சரக்கைக் கேட்டார்கள். அதனால் கரையிலேயே, ஜூன் முதல் செப்டம்பர் வரை திறந்த கிடங்கில் பரப்பி, கிளறி, சாக்கு மாற்றி, மழைக்காற்றை ஏற்றுகிறார்கள். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

வீட்டில் அதை வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அதில் ஈரம் இயல்பாகவே 13-ஐ ஒட்டி இருக்கும், அதைக் கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். வறுக்கும்போது முதல் வெடிப்புச் சத்தம் சன்னமாகத்தான் கேட்கும், காதை மட்டும் நம்பினால் தாண்டிப் போய்விடும். நிறத்தையும் புகையையும் பாருங்கள்.

டொரன்டோ கோப்பி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். வடிவாக எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு இங்கே நேர் எதிரான பிரச்சினை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், உள்ளே காற்று அப்படியே வறண்டுவிடும். திறந்து வைத்த கொட்டை சில கிழமைகளிலேயே காய்ந்து இளைத்துவிடும். பிறகு வறுத்தால் நுனி கருகும், உள்ளே மணம் இராது. ஆகவே இங்கேயும் மூடித்தான் வைக்க வேணும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமல் இருக்க.

நான் பாதியை ஃப்ரீசரில் வைக்கிறேன். பாஸ்டன் பக்கம் ஜார்ஜ் ஹவல் என்பவர் பல வருடமாகப் பச்சைக் கொட்டையைக் காற்று நீக்கி உறைய வைத்து, பிறகு வறுத்து விற்றவர், நல்ல பெயர் எடுத்தவர். அறுவடைக் காலத்து ருசி அடுத்த வருடமும் நிற்கிறது. சென்னையிலும் இதைச் செய்யலாம்தானே?

எங்கள் தீவும் ஒரு காலத்தில் கோப்பி நாடுதான். 1869-இல் இலைத்துரு நோய் வந்து, இருபது வருடத்துக்குள் தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலையாக மாறிவிட்டன. அதே வருடத்தை நீங்கள் சூயஸ் கால்வாய்க்குச் சொன்னதும் இதை எழுத வேணும் போல இருந்தது.

கோவை அரவை எழுதியது:

ஃப்ரீசர் வேலை செய்யும், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கொட்டையின் ஈரம் முதலில் சரியாக இருக்க வேண்டும். ஒரு தடவை வறுக்கிற அளவு ஒரு பொட்டலம் என்று காற்று நீக்கி ஒட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. இரவில் எடுத்து வைத்துக் காலையில், அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் சென்னைக் காற்றின் ஈரம் முழுக்கக் குளிர்ந்த கொட்டையின் மேல் படிந்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு மட்டும் வேண்டவே வேண்டாம், அங்கே ஈரமும் உண்டு, சாம்பார் வாடையும் உண்டு.

ஏற்காடு மேகம் எழுதியது:

பூச்சி பற்றி யாரும் சொல்லவில்லை. குண்டூசி முனையளவு துளை இருந்தால் அது காய்த்துளைப்பான் வண்டு தோட்டத்திலேயே போட்ட துளை. இந்தியாவில் அது முதலில் 1990-இல் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தென்பட்டு, பிறகு எல்லா மலைக்கும் பரவியது. நன்றாகக் காய்ந்த கொட்டையில் அது பெருகாது, துளை விழுந்த கொட்டையைப் பொறுக்கி எடுத்தால் போதும். துளை பெரிதாக இருந்து, டப்பாவின் அடியில் மாவு போல உதிர்ந்து கிடந்தால் அது கிடங்கு வண்டு. அது வீட்டுக்குள்ளும் பெருகும். அந்தப் பையை உடனே தனியாக எடுத்து, ஒட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் போடுங்கள். வேப்பிலை, மிளகாய் வற்றல் என்று அரிசிக்குப் போடுவதை இதில் போட வேண்டாம். அந்த வாடையைக் கொட்டை இழுத்துக்கொள்ளும், வறுத்தாலும் போகாது.

சேத்துப்பட்டு வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தோட்டக்காரரிடம் பேசினேன். தை மாதம் பறித்த மூன்றாம் சுற்றுச் சரக்கு தனியாக இருக்கிறதாம். அரைக் கிலோ மாதிரி அனுப்பினார். ஹைக்ரோமீட்டரை உப்பு வைத்துச் சரிபார்த்து, பாட்டிலில் போட்டுப் பார்த்தேன். 57 காட்டியது. நிறம் நீலம் கலந்த பச்சை, முகர்ந்தால் காய்ந்த புல் வாசனை, வேறு எதுவும் இல்லை.

தட்டில் பரப்பிப் பொறுக்கினேன். துளை விழுந்தது கொஞ்சம், கருத்தது ஓரிரண்டு, உடைந்தது கொஞ்சம். வறுத்த பிறகு சில கொட்டைகள் மட்டும் வெளிறி, வேர்க்கடலை நிறத்தில் நின்றுவிட்டன. பச்சையாக இருக்கும்போது அவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. அது ஏன்? ருசி மிக நன்றாக இருந்தது, அம்மாவே இன்னொரு டம்ளர் கேட்டார்.

விலையில்தான் ஒரு தயக்கம். மாதிரி அனுப்பிய பிறகு, முதலில் சொன்னதைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார். மூன்றாம் சுற்றைத் தனியாகக் கொடுப்பதால் என்கிறார்.

பன்றிமலைத் தோட்டம் எழுதியது:

வெளிறி நின்றவை பழுக்காத காயின் கொட்டை. உள்ளே சர்க்கரை சேராததால் நிறம் ஏறாது. வறுத்து ஆறியதும் கையால் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். அரைத்தால் வேர்க்கடலைத் தோல் மாதிரி ஒரு துவர்ப்பு கொடுக்கும். ஒரு கைப்பிடிக்கு ஒன்றிரண்டு என்றால் பறித்தவர்கள் கவனமாகப் பறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விலை பற்றி நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது என் மனதில் இருப்பது. பிரேசில் வறட்சிக்குப் பிறகு நியூயார்க் சந்தையில் அராபிகா 2024 டிசம்பரில் 1977-இன் உச்சத்தைக் கடந்தது, 2025 பிப்ரவரியில் ராத்தல் (பவுண்டு) 4 டாலரைத் தாண்டியது. எங்கள் ஊருக்கு வரும் வியாபாரி அந்தத் திரையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். 1990-களின் நடு வரைக்கும் மத்திய அரசின் காபி போர்டு எல்லாச் சரக்கையும் எடுத்துப் பொதுவாக விற்றுக் காசு கொடுக்கும், இப்போது அப்படி இல்லை. விலை ஏறினால் ஏறின விலை, விழுந்தால் விழுந்த விலை. வியாபாரி எல்லாச் சுற்றையும் ஒரே மூட்டையில் கொட்டி ஒரே விலை தருவார். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்கிற கூலி அதில் வராது. ஆள் கிடைப்பதே கஷ்டம், அதிலும் நாலு தடவை ஒரே செடிக்குப் போக ஆள் சம்பளம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாம் சுற்றைத் தனியாக வைத்தவருக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால், அடுத்த வருடமும் தனியாக வைப்பார். கொடுக்காவிட்டால் அவரும் கொட்டிக் கலந்துவிடுவார். உங்களைப் போல நாலு பேர் நேராக வாங்கினால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது பெரிய விஷயம்.

கும்பகோணம் பில்டர் எழுதியது:

தோட்டக்காரத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு எனக்கும் இரண்டு கிலோ கேட்கலாமா என்று தோன்றுகிறது. பீபெரியை வீட்டில் நானே பொறுக்கிக்கொள்கிறேன்.

பழைய கியூரிங் ஆள் எழுதியது:

57 என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

இன்னொரு யோசனை. முழுவதையும் ஓடு நீக்கி வாங்காதீர்கள். அந்த ஓடு கொட்டைக்குப் போர்வை மாதிரி. ஓட்டோடு இருக்கிற வரைக்கும் நிறமும் மணமும் அதிக நாள் நிற்கும், ஈரம் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடக்கும். அவருக்கு மலையில் நல்ல கிடங்கு இருந்தால், உங்கள் பங்கைப் பார்ச்மென்ட்டாகவே அங்கே வைக்கச் சொல்லுங்கள். மலையில் சூடு குறைவு, அதுவே பாதிப் பாதுகாப்பு. பங்குனியில் ஒரு பகுதி, ஆடியில் ஒரு பகுதி என்று ஓடு நீக்கி அனுப்பட்டும். ஐப்பசி மழை தொடங்குகிறபோது உங்கள் வீட்டில் பெரிய இருப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

பெரிய கியூரிங் நிலையங்கள் பத்து கிலோவுக்கு இயந்திரம் ஓட்ட மாட்டார்கள். ஓடு நீக்குகிற சின்ன ஹல்லர் யாரிடமாவது இருக்கிறதா என்று அவரைக் கேளுங்கள். வீட்டில் குத்துவதானால் மர உரலில், இரும்புப் பூண் இல்லாத உலக்கையால் மெல்லக் குத்திச் சுளகில் புடைக்கலாம். கல்லுரல் வேண்டாம், கொட்டை உடையும்.

பன்றிமலைத் தோட்டம் எழுதியது:

ஓட்டோடு வைத்தால் எலி பார்த்துக்கொள்ள வேண்டும், மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். அது எங்களுக்குப் பழக்கம்தான். வைக்கிற மூட்டையில் பறித்த மாதமும் சுற்றும் எழுதிய அட்டையைத் தைத்துவிடச் சொல்லுங்கள். வேறு மூட்டையோடு மாறிப் போகாது.

சேத்துப்பட்டு வாசி எழுதியது:

பேசி முடித்துவிட்டேன். அவர் கேட்ட விலைக்கே பதினைந்து கிலோ பார்ச்மென்ட். ஓடு போகப் பன்னிரண்டு கிலோ வரும். பங்குனியில் ஆறு கிலோ, ஆடியில் மிச்சம். பக்கத்து ஊரில் ஒரு விவசாயிகள் குழுவிடம் சின்ன ஹல்லர் இருக்கிறதாம், குறைந்தது ஐம்பது கிலோ பார்ச்மென்ட் சேர்ந்தால்தான் ஓட்டுவார்களாம். கும்பகோணத்து அம்மாவுடையதைச் சேர்த்தாலும் பற்றாது. இங்கே வேறு யாருக்காவது வேண்டுமானால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், எல்லோருடையதையும் சேர்த்து ஓட்டி, தனித்தனிப் பொட்டலமாக அனுப்பச் சொல்கிறேன்.

மதுரை வெயில் எழுதியது:

எனக்கு ஐந்து கிலோ எழுதிக்கொள்ளுங்கள். பாதியைப் புதிதாகவே வறுத்துப் பார்க்கிறேன், பாதியை எங்கள் தாத்தா முறைப்படி அடுத்த வருடம்.